விருப்பப் பழக்கம்

பட்டையைக் கையில் கொடுத்ததும் நவநீதன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எதையோ தேடினான்.

"என்ன சார் பாக்கறீங்க?" என்றார் டாக்டர் பெனசிர்.

"எப்ப கேலிபரேட் பண்ணதுன்னு ஸ்டிக்கர் இருக்கும்ல, அதப் பாக்கறேன் மேடம்."

"காதுக்குப் பின்னால ஒட்டற பட்டை சார் இது. பாய்லர் இல்ல."

"பாய்லரா இருந்தா இன்னும் கவனமாப் பாப்பேன்," என்றான் அவன், சிரிக்காமல்.

டாக்டர்தான் சிரித்தார். பட்டையின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி இருந்தது. போன மாதம்தான் சரிபார்த்திருந்தார்கள். இரண்டு காதுக்குப் பின்னாலும் ஒவ்வொன்று ஒட்டுவோம், ஒன்று தவறினால் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும் என்று டாக்டர் சொன்னபோது அவனுக்கு முழுத் திருப்தி. இவர்கள் வேலை தெரிந்தவர்கள்.

அவனுக்கு அதுதான் பிழைப்பு. திருச்சியைச் சுற்றியுள்ள ஆலைகளிலிருந்து வரும் பிரஷர் கேஜ்களைச் சரிபார்த்துத் தரும் சிறிய கூடம் ஒன்றை நடத்தினான். முள் எங்கே நிற்கிறதோ அந்த அழுத்தம்தான் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பான். இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு. சிவப்பை மாற்றச் சொல்லி வந்தவர்கள் அவன் மேசைமுன் உட்கார்ந்து குழைந்திருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள், அவன் மாற்றியதில்லை.

ஆகவே பட்டையை ஒட்டிக்கொள்வதில் அவனுக்குத் தயக்கம் இல்லை. சொல்லப்போனால் ஆவலாகவே இருந்தான்.

முன்பெல்லாம் புகைப்பவனிடம் கேள்விதான் கேட்பார்கள். காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? பிடிக்கக் கூடாத இடத்தில் அடக்கிக்கொண்டு இருக்க முடிகிறதா? காய்ச்சலில் படுத்துக் கிடக்கும்போதும் பிடிப்பீர்களா? பதிலுக்குப் பதில் மதிப்பெண் போட்டு, இவர் இவ்வளவு தூரம் அடிமை என்று முடிவு கட்டுவார்கள். பட்டை வந்தபிறகு அந்தக் கேள்விகள் வெறும் சடங்காகிவிட்டன. நிக்கோட்டின் இறங்க இறங்க உடம்பு எப்படித் தவிக்கிறது என்பதைப் பட்டை நேராகவே அளந்தது. முடிவில் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு எண் வரும். சார்பு எண் என்று அதற்குப் பெயர்.

அந்த எண் வந்ததும் ஊரின் பேச்சே மாறிப்போனது. அறுபதைத் தாண்டியவன் நோயாளி. அவனுக்கு அலுவலகத்தில் சிகிச்சை விடுப்பு உண்டு, அரசு மருத்துவமனையில் தனிப் பிரிவு உண்டு, வீட்டில் திட்டு இல்லை. "எழுபத்தஞ்சாம், பாவம், அவன் என்ன பண்ணுவான்?" என்றார்கள். இருபதுக்குக் கீழே வந்தவனுக்கு டாக்டர்கள் சாதுவான ஒரு பெயர் வைத்திருந்தார்கள். விருப்பப் பழக்கம். தெருவில் அவனுக்கு வைத்த பெயர்கள் அவ்வளவு சாதுவாக இல்லை. பெண் வீட்டார் ஜாதகத்தோடு மாப்பிள்ளையின் எண்ணையும் கேட்டார்கள்.

நவநீதனின் எண்ணுக்காகக் காத்திருந்தவள் அவன் மனைவி தாரணி.

அவள் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. அவளுடைய நுரையீரல் தொட்டிருந்தது. கே.கே. நகரில் மூன்றாவது மாடி வீடு. அவன் பால்கனியில் நின்றுதான் பிடிப்பான், கதவைச் சாத்திக்கொண்டுதான் பிடிப்பான். புகை கதவுக்குக் கட்டுப்படவில்லை. முதலில் இருமல் என்றார்கள், பிறகு இளைப்பு என்றார்கள், பிறகு நுரையீரலைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வீட்ல யாரும்மா சிகரெட் பிடிக்கறாங்க?" என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்ற நவநீதன் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விட முயன்றிருக்கிறான். ஒவ்வொரு முறையும் பொழுது சாய்வதற்குள் பால்கனிக் கதவு திறந்துவிடும். "முடியல தாரணி. உடம்பு கேக்குது. நான் என்ன பண்ணட்டும்?" என்பான். சொல்லும்போது குரல் உண்மையிலேயே உடையும். அவள் நம்பினாள். நம்பாதவர் அவளுடைய அண்ணன் பார்த்திபன். தங்கையையும் அவள் மூச்சுக்கு மருந்து இழுக்கும் நெபுலைசரையும் லால்குடிக்கு அழைத்துப் போக வந்தவர், லிஃப்ட் வாசலில் எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கும்படி கத்தினார்.

"முடியலையாம்ல, முடியல! யாரு வந்து உங்க வாயில திணிச்சிட்டுப் போறா? கட்டினவ மூச்சு விட முடியாம கெடக்கா, இவருக்குப் புகை கேக்குதாம்!"

"அண்ணா, விடு," என்றாள் தாரணி. பிறகு கணவனிடம் வந்தாள். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினாள். "நீங்க போய் அந்தப் பட்டைய ஒட்டிப் பாருங்க. அது நோயின்னு வந்தா நான் வந்துடறேன். நோயாளியோட என்னால இருக்க முடியும். ரெண்டு பேரும் நோயாளியா இருந்துட்டுப் போறோம்."

நோய் இல்லை என்று வந்தால் என்ன என்பதை அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அப்படி வரும் என்று இருவருமே நினைக்கவில்லை.

மருத்துவமனையின் மேல்தளத்தில் சில நாட்கள் தங்க வைத்தார்கள். வேண்டுமளவு சிகரெட் அவர்களே கொடுத்தார்கள். எப்போது எதை மாற்றுவோம் என்று சொல்ல மாட்டோம் என்று மட்டும் டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அறைக் கதவைத் திறந்தால் மொட்டை மாடி. அங்கே நின்று பிடித்துக்கொள்ளலாம். நர்சுகள் நன்றாகப் பேசினார்கள். சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் குறைவு. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

கடைசி நாள் டாக்டர் அவனை உட்கார வைத்துப் பட்டைகளைக் கழற்றினார்.

"எவ்வளவு மேடம்?"

"பதினொண்ணு."

எண்ணின் மிச்சத்தையும் டாக்டர் சொல்லட்டும் என்று அவன் காத்திருந்தான்.

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான்."

"சரியா ஒட்டியிருக்க மாட்டாங்க."

"ரெண்டு பக்கமும் பதினொண்ணு சார்."

இரண்டு கேஜ் ஒரே எண்ணைக் காட்டினால் அவன் கூடத்தில் அதற்குமேல் விசாரணை கிடையாது.

"கேள்வியெல்லாம் கேட்டீங்களே மேடம். அதுல எனக்கு முழு மார்க்குன்னு நர்ஸ் சொன்னாங்களே. எழுந்ததும் பிடிக்கறேன். காய்ச்சல்லயும் பிடிக்கறேன். நான் பொய் சொல்லலையே."

"நீங்க பொய் சொல்லல. அந்தக் கேள்வியெல்லாம் நீங்க என்ன பண்றீங்கன்னு கேக்குது. ஏன் பண்றீங்கன்னு கேக்கறதில்ல." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "சார், முதல் நாள் குடுத்த சிகரெட்லதான் நிக்கோட்டின் இருந்துச்சு. அதுக்கப்புறம் குடுத்ததெல்லாம் வெத்து. அதே வாசனை, அதே புகை, உள்ள சரக்கு கிடையாது. உங்களுக்குத் தெரியவே இல்ல."

நவநீதன் தன் விரல்களைப் பார்த்தான்.

"அறுபதுக்கு மேல இருக்கறவங்களுக்கு வெத்து சிகரெட் குடுத்தா, அன்னிக்கு சாயங்காலமே நர்ச அடிக்கப் போயிடுவாங்க. நீங்க நர்சுக்கு குறுக்கெழுத்துப் போட்டிக்கு விடை சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

"அப்ப எனக்குத் தோணுதே, அது? அது பொய்யா?"

"அது நிஜம். பட்டையில நல்லாவே ஏறுது. ஆனா எப்ப இறங்குதுன்னு பாருங்க." டாக்டர் திரையை அவன் பக்கம் திருப்பினார். ஒரு கோடு ஏறியிறங்கி ஓடியது. அறைக் கேமராவில் பார்த்து, அவன் செய்தது ஒவ்வொன்றையும் அதன் கீழே குறித்திருந்தார்கள். "இது உங்க மனைவி ஃபோன் பண்ணது. அவங்க ஏதோ சொல்லிக்கிட்டு இருக்காங்க, இங்க ஏறுது பாத்தீங்களா? ஃபோன வச்சிட்டு எழுந்திரிக்கறீங்க. மாடிக் கதவத் திறக்கறீங்க. திறந்ததும் இறங்கிடுச்சு. இன்னும் நீங்க பத்தவே வைக்கல சார். பாக்கெட்டுக்கே கை போகல."

கோடு கதவைத் திறந்த இடத்தில் செங்குத்தாக விழுந்திருந்தது. பிறகு சமமாகப் போனது. அவன் சிகரெட்டைப் பற்றவைத்த இடத்தில் அதில் ஓர் அசைவும் இல்லை.

"உங்க உடம்பு சிகரெட் கேக்கல. எழுந்து போறதுக்கு ஒரு சாக்கு உங்களுக்கு வேண்டியிருக்கு, அவ்வளவுதான்," என்றார் டாக்டர். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தார். "நல்ல சேதிதானே சார்? மாத்திரை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இன்னைக்கே விட்டுடலாம்."

படியிறங்கும்போது நவநீதனுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. தாரணியின் அம்மா இறந்த வாரம். சமையலறை வாசலில் உட்கார்ந்து அவள் அம்மாவின் கடைசி நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். கடைசியாக அம்மா என்ன கேட்டார் என்பதை அவள் சொல்லப் போனபோது, "ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்," என்று அவன் எழுந்தான். பால்கனியில் ஒன்று பிடித்தான், இன்னொன்றும் பிடித்தான். திரும்பி வந்தபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கடைசியாக என்ன கேட்டார் என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

அன்றும் அவன் நினைத்துக்கொண்டது இதுதான்: உடம்பு கேட்கிறது, நான் என்ன பண்ணட்டும்?

தரைத்தளத்தில் மருந்துக்கடை வரிசைக்குப் பக்கத்தில் நின்றபோது ஃபோன் அடித்தது.

"எவ்வளவுங்க?" என்றாள் தாரணி. ஹலோகூடச் சொல்லவில்லை.

"எம்பத்திரெண்டு."

யோசித்துச் சொல்லவில்லை. தயாராக வைத்திருந்ததுபோல் வந்தது. ஒரு கேஜுக்குக்கூட அவன் பொய்யான எண்ணைச் சொன்னதில்லை. அதனால் அவளுக்குச் சந்தேகம் வரவே இல்லை. மறுபக்கம் அவள் அழும் சத்தம் கேட்டது. அழுதால் அவளுக்கு இளைக்கும், அதனால் அடக்கி அடக்கி அழுதாள்.

"நிஜமாவே முடியாமத்தான் இருந்திருக்கீங்க," என்றாள். "நான்கூட உள்ளுக்குள்ள உங்களத் தப்பா நெனச்சிட்டேன்ங்க. என்ன மன்னிச்சிருங்க."

"சரி விடு. அழாத. இளைக்கும்," என்றான்.

சட்டைப்பையிலிருந்த சிகரெட் பெட்டியை வாசலில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டான். சபதம் எதுவும் இல்லை. என்ன ஆகிறது பார்க்கலாம் என்றுதான் போட்டான்.

ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலையில் எழுந்தான், டீ குடித்தான். டீ நன்றாக இருந்தது. கூடத்துக்குப் போனான். கேஜ்களைப் பொருத்தினான், முள்ளைப் பார்த்தான், ஸ்டிக்கர் ஒட்டினான். நாக்கு எதையும் தேடவில்லை. தலை வலிக்கவில்லை. எரிச்சல் வரவில்லை. வருமா வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். வந்துவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது. ஒரு நாளாவது சுவரில் முட்டிக்கொண்டு அழும்படி அது வந்துவிட்டால், தான் மனைவிக்குச் சொன்ன எண்ணில் பாதியாவது உண்மையாகிவிடும். வரவில்லை. பழைய செருப்பைக் கழற்றிப் போட்டதுபோல் அந்தப் பழக்கம் அவனைவிட்டுப் போய்விட்டது. இவ்வளவு சுலபமாகப் போகக்கூடிய ஒன்றை வைத்துக்கொண்டுதான் ஒருத்தியின் மூச்சைக் கெடுத்திருக்கிறான்.

தாரணி நெபுலைசரோடு வந்து இறங்கினாள். அவளுக்கு ஒரு நோயாளி தேவைப்பட்டான். விசாரித்து வைத்திருந்தாள். கிராம்பு, சுக்கு, உலர்ந்த நெல்லி எல்லாம் சின்னச் சின்ன டப்பாக்களில் மேசைக்கு வந்தன. தீப்பெட்டிகள் காணாமல் போயின.

"ரொம்பக் கேக்குதாங்க?"

"கேக்குது."

"எங்க கேக்குது? நெஞ்சுலயா, தொண்டையிலயா?"

அவன் ஒரு கணம் யோசித்தான். "தொண்டையில," என்றான்.

அவள் உடனே எழுந்து வெந்நீர் வைத்தாள். அடுப்படிக்குப் போய்வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வந்ததும் டம்ளரை நீட்டினாள். அவன் குடித்தான். தொண்டையில் ஒன்றும் இல்லை, வெந்நீர் மட்டும் இறங்கியது.

நல்ல நோயாளியாக இருக்க அவன் பாடுபட்டான். சாதத்தில் கல் இருக்கிறது என்று எரிந்து விழுந்தான். ஹாலுக்கும் அறைக்குமாக நடந்தான். அவள் பதறாமல் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். "திட்டுங்க, பரவால்ல. அது திட்டுது, நீங்க இல்ல," என்றாள். அப்படிப் பொறுத்துக்கொண்டதுதான் அவனால் தாங்க முடியாமல் போனது. எரிச்சலை விட்டுவிட்டுக் கை நடுக்கத்துக்கு வந்தான். நடுங்கினால் யாரையும் காயப்படுத்த வேண்டியதில்லை.

சாயங்காலங்களில் அவள் அவன் விரல்களை மடியில் வைத்துத் தைலம் தேய்த்துவிட்டாள். ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும். கல்யாணமான புதிதில்கூட அவள் அவன் கையை இவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை. அவன் எழுந்துபோய்விடுவான். இப்போது நடுக்கத்தை நிறுத்தினால் அவள் கையை எடுத்துவிடுவாள் என்று அவன் நடுங்கிக்கொண்டே இருந்தான்.

ஒரு நாள் அவள் அப்போதுதான் மருந்து இழுத்து முடித்து முகமூடியைக் கழற்றியிருந்தாள். அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. மூச்சுக்குழாயைத் திறந்துவிடும், கூடவே கொஞ்ச நேரம் விரல்களை நடுங்க வைக்கும். பயப்பட வேண்டாம், மருந்தின் வேலைதான் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். நடுங்கும் கையாலேயே தைலத்தை எடுத்து அவன் கையைப் பிடித்தாள். அவனும் நடுங்கினான்.

நாலு கைகளும் அவள் மடியில் கிடந்தன. தாரணி அவற்றைப் பார்த்தாள். தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"இது என்னோடது," என்றாள்.

"எது?"

"இந்த நடுக்கம். சுண்டுவிரல்ல ஆரம்பிக்கும். அப்புறம் மோதிர விரல். கட்டைவிரலுக்கு வரவே வராது. மருந்து இழுத்தா எனக்கு வர்றது இது." அவள் குரலில் கோபம் இல்லை. தன் புடவையை வேறொருத்தி கட்டியிருக்கக் கண்டவளைப்போல் கேட்டாள். "நீங்க எங்கிட்ட பாத்துதான் பண்றீங்களா?"

அவன் விரல்கள் நின்றுவிட்டன. வாயால் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

"எவ்வளவு வந்துச்சு?"

"பதினொண்ணு."

"பதினொண்ணு," என்று அவள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"தாரணி, நான் விட்டுட்டேன். சத்தியமா. அன்னிலேர்ந்து ஒண்ணுகூடத் தொடல."

"தெரியுது. ஒரு கஷ்டமும் இல்லாம விட்டுட்டீங்க."

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. மூச்சு முட்டியது. அவன் கண் தன்னை அறியாமல் பால்கனிக் கதவுக்குப் போனது. போனதை அவள் பார்த்துவிட்டாள்.

"போங்க," என்றாள். "போய்ட்டு வாங்க."

அவன் போகவில்லை. ஆனால் அவள் கண்ணைப் பார்க்கவும் முடியவில்லை. தரையில் சிந்திய தைலத்தைக் காலால் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மூச்சு நிதானமானதும் அவள் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றாங்க."

"சொல்லிடறேன். அவர் திட்டட்டும். அடிச்சாலும் வாங்கிக்கறேன்."

"உங்களுக்கென்ன, ரெண்டு அடி வாங்கிக்கிட்டா முடிஞ்சுது. எனக்கு?" அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் அங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன். அண்ணிகூட சண்டையே போட்டேன். அவரு நோயாளி, அவரால முடியல, உங்களுக்கெல்லாம் என்ன தெரியும்னு. இப்ப போய் என்ன சொல்றது? அது நோயே இல்ல, இத்தன வருஷமா நான் பேச வாயெடுத்தப்பல்லாம் எங்கிட்டேர்ந்து எந்திரிச்சுப் போறதுக்குத்தான் அவருக்கு சிகரெட்டுன்னு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?"

பட்டை காட்டிய கோட்டைப் பற்றி அவன் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் அதைப் பட்டை இல்லாமலே அளந்து வைத்திருந்தாள்.

"அப்ப என்ன பண்றது?"

"நடுங்குங்க," என்றாள் தாரணி.

ஞாயிற்றுக்கிழமை பார்த்திபன் பெரிய மஞ்சள் பையோடு வந்தார். பையில் நெல்லிக்காய். சிகரெட் ஞாபகம் வரும்போதெல்லாம் கடித்துக்கொண்டால் நல்லதென்று யாரோ சொன்னார்களாம், லால்குடியில் தேடிப் பிடித்து வாங்கியிருந்தார். எப்போதும் வாசலிலிருந்தே சத்தமாகப் பேசும் மனிதர், இன்று செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, ஆஸ்பத்திரிக்குள் நுழைவதுபோல் மெல்ல உள்ளே வந்தார்.

"எப்படி இருக்கீங்க மாப்ள?"

"இருக்கேன் மச்சான்."

"இளைச்சிட்டீங்க."

நவநீதன் இளைக்கவில்லை. தாரணி வைத்துக்கொடுத்த கஞ்சியிலும் சுக்கிலும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தான்.

தாரணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, மருந்து நேரமென்று உள்ளறைக்குப் போனாள். நெபுலைசர் உறுமும் சத்தம் கேட்டது. பார்த்திபன் டம்ளரைத் தொடவில்லை. தங்கை கணவனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காததுபோல் பார்த்தார்.

நவநீதன் டம்ளரைப் பிடித்தான். சுண்டுவிரலை நினைத்தான். அது அசையவில்லை. இத்தனை நாளும் அவிழ்த்துவிட்டதுபோல் ஆடிய விரல், இன்று கேஜின் மரையைத் திருகும்போது இருப்பதுபோல் உறுதியாக இருந்தது. மோதிர விரலை நினைத்தான். அதுவும் கேட்கவில்லை. டம்ளரில் டீ கண்ணாடிபோல் நின்றது. நெற்றி வேர்த்தது.

"கை எப்படி இருக்கு இப்ப? தாரணி ஃபோன்ல சொல்லுச்சு, ரொம்ப நடுங்குதுன்னு," என்று கேட்டுக்கொண்டே பார்த்திபன் முன்னால் குனிந்தார்.

உள்ளே நெபுலைசர் நின்றது. தாரணி வந்தாள். கணவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, டம்ளரைப் பிடித்திருந்த அவன் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். அவள் விரல்கள் முழுக்க மருந்து ஏறியிருந்தது. நடுக்கம் அவள் கையிலிருந்து அவன் கைக்கும், அவன் கையிலிருந்து டம்ளருக்கும் இறங்கியது. டீ ததும்பி மேசையில் சிந்தியது.

பார்த்திபன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்த்தார். திரும்பியபோது கண் சிவந்திருந்தது.

"நோயாளியப் போய் அன்னிக்கு அத்தன பேரு முன்னாடி பேசிப்புட்டேன் மாப்ள. எனக்கு அதுலேர்ந்து சோறு எறங்கல. மனசுல வச்சுக்காதீங்க."

நவநீதன் வாயைத் திறந்தான். மேலே இருந்த கையின் நகம் அவன் தோலில் பதிந்தது.

"பரவாயில்ல மச்சான்," என்றான்.

"உங்களப் போய் சொன்னேனே, எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இருக்கான். ஒம்பது வந்திருக்கு அவனுக்கு. ஒம்பது! வீட்ல பிள்ளைக்கு இளைப்பு. இவன் ஜாலியா ஊதிட்டு வர்றான். அவனெல்லாம் மனுஷனா? அவன் பொண்டாட்டி எப்படித்தான் அவன் முகத்துல முழிக்கறாளோ."

தாரணி அவர் பக்கம் டம்ளரை நகர்த்தினாள்.

"டீ ஆறுது அண்ணா," என்றாள் தாரணி.

பார்த்திபன் டீயைக் குடித்தார். நெல்லிக்காயை எப்படி உப்பில் ஊறப்போட வேண்டும் என்று சொன்னார். போகும்போது நவநீதனின் தோளைத் தொட்டு, "தைரியமா இருங்க," என்றார். லிஃப்ட் கதவு மூடும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள்.

உள்ளே வந்ததும் தாரணி மேசையைத் துடைத்தாள். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை.

"லால்குடி போறதுக்கு முன்னாடி நெஞ்சு டாக்டர் ஒண்ணு சொன்னாரு," என்றாள். "அன்னிக்கே உங்ககிட்ட சொல்ல வந்தேன். ஆரம்பிச்சதுமே நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க."

நவநீதனுக்குள் அது ஏறியது. தொண்டையிலும் இல்லை, நெஞ்சிலும் இல்லை. கால்களில் ஏறியது. பால்கனிக் கதவு திறந்துதான் இருந்தது, வெளியே கொடியில் துணி ஆடியது. நாலு எட்டு வைத்தால் இறங்கிவிடும் என்று அவனுக்குத் தெரியும். அவன் நாற்காலியின் கீழே கால்களைப் பின்னிக்கொண்டான்.

"சொல்லு," என்றான்.

"இனிமே வீட்லயே ஆக்சிஜன் வச்சுக்கணுமாம். கொஞ்ச நாளைக்குன்னு இல்ல."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். குழாய் எவ்வளவு நீளம் இருக்கும் என்று சொன்னாள். சமையலறை வரைக்கும் வருமாம், பால்கனி வரைக்கும் வராதாம். அதைக் கேட்டதும் தனக்கு என்ன தோன்றியது என்று சொன்னாள். யாரிடமும் இதுவரை சொல்லாத ஒரு பயத்தைச் சொன்னாள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னதால், சொல்லி முடிக்க வெகு நேரமாயிற்று.